படிகமும் ஓலையும்: தெளிவைப் பற்றிய ஒரு தத்துவ வினா

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பிரெஞ்சு இல்லங்களுக்கென உருவாக்கப்பட்ட அலங்காரப் புழங்குபொருள்களுள் ஒரு வகை, பிரம்பு போன்ற இயற்கை நாரையும் அக்ரிலிக் எனப்படும் தெளிந்த செயற்கைப் பொருளையும் ஒன்றிணைத்துச் செய்யப்பட்டது. கிறித்தியான் தியோர் என்னும் புகழ்பெற்ற ஆடை நிறுவனத்தின் பெயரைத் தாங்கியும் விற்பனைக்கு வந்த பரிமாறுதட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அரை நூற்றாண்டு கழிந்த இன்று பழம்பொருள் சேகரிப்போர் அவற்றை விரும்பித் தேடுகின்றனர். இத்தகைய பொருளில் பிரம்பு கண்ணுக்குத் தன்னைக் காட்டுகிறது. அக்ரிலிக்கோ, எடையைத் தாங்கியும் வடிவத்தைக் காத்தும் நின்றபோதிலும், தன்னை மறைத்துக்கொண்டு தன்னை அடுத்துள்ள பிரம்பையே காட்டுகிறது. அவ்வாறாயின் தெளிவு என்பது அந்தப் பொருளுக்கே உரிய குணமா, அல்லது அது பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும் முறையா என்ற வினா எழுகிறது. பாரிசு நகரத்து வரவேற்பறைக்குரியதாகத் தோன்றும் இந்த வினா, இன்றைய விழுப்புரம் மாவட்டம் அமைந்துள்ள நிலப்பகுதியில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அக்ரிலிக்கின் இடத்தில் படிகத்தை வைத்து, உயிரின் இயல்பை அறியும் பொருட்டு எழுப்பப்பட்ட வினாவேயாகும்.

அக்ரிலிக் என்று வழங்கும் பொருளின் வேதியியல் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது. மெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நெடுஞ்சங்கிலிகளாகும்போது அது உண்டாகிறது. 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அது வணிகப் பொருளாயிற்று. ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் 1933இல் அதற்குப் பிளெக்சிகிளாஸ் என்னும் வணிகப் பெயரைப் பதிவு செய்தார். பெர்ஸ்பெக்ஸ், லூசைட் ஆகியனவும் அதே பொருளின் வேறு பெயர்களே. இரண்டாம் உலகப் போரில் விமானியின் இருக்கையை மூடும் கூண்டுக்குப் பயன்பட்ட அது, போருக்குப் பின் வீட்டுப் பொருள்களுக்குள் புகுந்தது. கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவான எடையுடைய அக்ரிலிக், தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 92 சதவீதத்தைக் கடந்துபோக விடுகிறது. எஞ்சிய 8 சதவீதம் எங்கே போகிறது என்பதில்தான் தத்துவ நோக்கில் கவனிக்கத்தக்க செய்தி உள்ளது. அதில் பெரும்பகுதியை அக்ரிலிக்கின் உடல் உண்பதில்லை; அக்ரிலிக்கும் காற்றும் சந்திக்கும் இரண்டு எல்லைகளில், எல்லைக்கு ஏறத்தாழ 4 சதவீதமாக, அது திரும்பிவிடுகிறது. ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள் புகும் ஒளி எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைச் சுட்டும் எண், அக்ரிலிக்குக்கு 1.49, கிளிசரினுக்கு 1.47. இரண்டும் நெருங்கியிருப்பதால், கிளிசரினுக்குள் அமிழ்த்தப்பட்ட அக்ரிலிக் துண்டு கண்ணுக்கு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. அத்துண்டினுள் எதுவும் மாறவில்லை. மாறியது அதன் அயல் மட்டுமே.

நார் இதற்கு நேர்மாறானது. பிரம்பு, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏறுகொடி. அதே குடும்பத்தின் பனைமரம் திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் நிலத்தில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கிறது. அதன் விரியாத குருத்தோலை பெட்டிக்கும் விசிறிக்கும், முற்றிய ஓலை கூரைக்கும், மட்டையிலிருந்து உரிக்கப்படும் அகணி நார் கட்டுவதற்கும் பயன்பட்டு வந்துள்ளன. நார் எதுவாயினும், அது வளர்ந்த திசையில் இழுவையைத் தாங்கும்; குறுக்கே பிளந்துபோகும். வளர்ந்த இடமும், வெயில்பட்ட பக்கமும், வெட்டிக் காய்ந்த காலமும் அதன் நிறத்திலும் கணுவிலும் பதிந்திருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பும், கோடையில் சுருங்கும். நார் தன் வரலாற்றைத் தன் உடலில் சுமக்கிறது. தெளிந்த பொருள் தன் வரலாற்றைக் காட்டுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் இணைத்த பிரெஞ்சு வடிவமைப்பாளர்கள் புதுமையையும் அழகையும் மட்டுமே எண்ணியிருக்கலாம். ஆயினும் அவர்கள் அருகருகே வைத்தவை, தத்துவ மொழியில், தன்னைக் காட்டும் பொருளும் பிறிதைக் காட்டும் பொருளும் ஆகும்.

இந்த வேறுபாட்டை உயிரின் இலக்கணமாக்கிய சிந்தனையின் தலைமைப் பதி, தென்பெண்ணை ஆற்றையொட்டிய திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மெய்கண்டார் 12 சூத்திரங்களால் ஆன சிவஞானபோதத்தைத் தமிழில் அருளினார். சைவ சித்தாந்தம் என்னும் தத்துவத்துக்கு அந்நூலே அடித்தளம். பதி எனப்படும் இறைவன், பசு எனப்படும் உயிர், பாசம் எனப்படும் கட்டு ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை என்று அத்தத்துவம் கொள்கிறது. இறைவன் சத்து, அதாவது மாறாத மெய். உலகப் பொருள்கள் அசத்து, அதாவது மாறி நிற்பவை. உயிரோ இரண்டுமன்றி இரண்டையும் சார்ந்து அறிவது, ஆதலால் சதசத்து. இங்குதான் படிகம் உவமையாகிறது. எட்டாம் சூத்திரம் உயிரை, வேடர்களிடையே வளர்ந்து தன் குலம் அறியாத அரசகுமாரனைப் போல, ஐம்புலன்களிடையே வளர்ந்து தன்னை மறந்த ஒன்றாகக் காட்டுகிறது. அதன் விளக்கப் பகுதியில், அடுத்த பொருளின் பல நிறங்களையும் தன் நிறமாகக் காட்டி நிற்கும் படிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. எதைச் சார்ந்ததோ அதன் தன்மையாய் நிற்கும் இந்த இயல்பைச் சித்தாந்த ஆசிரியர்கள் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர்.

இவ்வுவமையின் ஆழம் அதன் முதற்பாதியில் இல்லை. உயிர் உலகத்தால் நிறம் பெறுகிறது என்று சொல்வதற்குப் படிகம் தேவையில்லை. சாயம் ஏற்கும் வெள்ளைத் துணியே போதும். ஆனால் துணி சாயத்தை உண்டு, தன் வெண்மையை இழந்துவிடுகிறது. படிகமோ சிவப்புப் பொருளின்மேல் இருக்கும்போது முழுதும் சிவந்து, அப்பொருளை அகற்றியதும் சிவப்பின் சுவடே இல்லாமல் நிற்கிறது. கட்டுண்டிருத்தலும் கட்டிலிருந்து விடுபடும் தகுதி குன்றாதிருத்தலும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் எவ்வாறு கூடும் என்ற கடினமான வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான விடையைப் புறவுலகில் காண்பது அரிது. ஒளியியலும் இதற்குத் துணை நிற்கிறது: சிவப்பு ஒளி படிகத்தின் ஊடாக உண்மையாகவே செல்கிறது, அது பொய்த் தோற்றமன்று, ஆயினும் அந்த ஒளி படிகத்தின் கட்டமைப்பில் எதையும் மாற்றுவதில்லை.

மெய்கண்டாரின் தலைமாணாக்கர் அருணந்தி சிவாசாரியார். அவர் முன்னமே சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட பேரறிஞர். இளம்வயதினரான மெய்கண்டாரிடம் சென்று, அறிவை மறைக்கும் அகமலமான ஆணவத்தின் வடிவம் எத்தகையது என்று அவர் வினவியதாகவும், விடையாக மெய்கண்டார் அவரையே சுட்டிக் காட்டியதாகவும் மரபு கூறுகிறது. இந்நிகழ்ச்சி வெறும் செருக்கடக்கும் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுவது வருந்தத்தக்கது. ஆகமங்கள் அனைத்தையும் கற்ற அறிவு குறையுடைய அறிவன்று. அது மிகத் தெளிந்த படிகம். அத்தெளிவே தன்னுடையது என்று எண்ணிய கணத்தில் அது ஆணவத்தைச் சார்ந்து ஆணவத்தின் நிறமாயிற்று. தெளிவு மிகுந்தோறும் சார்ந்தவற்றின் நிறமும் மிகுதியாகத் தெரியும் என்பதால், கலங்கிய அறிவைவிடத் தெளிந்த அறிவுக்கே இந்த ஆபத்து மிகுதி. சிவஞான சித்தியாரை இயற்றிய ஆசிரியரின் வாழ்வில் இவ்வுண்மை இவ்வாறு அமைந்ததைச் சித்தாந்தத்தின் பேறு என்றே கொள்ளவேண்டும்.

இதே மாவட்டத்தில், இதே படிகத்தை வேறு விதமாகப் படிக்கும் மற்றொரு மரபும் வேரூன்றியுள்ளது. காஞ்சி காமகோடி மடத்தின் வரிசையில் 68ஆம் பீடாதிபதியாக எண்ணப்படும் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் 1894 மே 20 அன்று விழுப்புரத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1907இல், துறவு ஏற்று மடத்தின் பொறுப்புக்கு வந்தவர். அம்மடத்தில் நாள்தோறும் பூசிக்கப்படும் சந்திரமௌலீசுவரர், படிகத்தாலான இலிங்கம். ஆதிசங்கரர் கயிலையிலிருந்து கொணர்ந்த ஐந்து படிக இலிங்கங்களுள் ஒன்று அது என்பது மடத்தின் மரபு. அவ்விலிங்கத்தின் முன் அமரும் துறவி கையில் ஏந்துவது மூங்கில் தண்டம். அவர் சடங்குக்குக் கொள்வது தருப்பைப் புல். தெளிந்த பொருளும் நாருடைய பொருளும் இங்கும் அருகருகே இருக்கின்றன. தெளிந்தது வழிபடப்படுவதாகவும், நாருடையது வழிபடுபவரின் கருவியாகவும் அமைகின்றன.

சங்கரர் வழிவந்த அத்வைத வேதாந்தத்தில் படிகத்தின் அருகே வைக்கப்படுவது செம்பருத்திப் பூ. பூவின் அண்மையால் படிகம் சிவந்து தோன்றுகிறது. அந்தச் சிவப்பு படிகத்தில் என்றுமே இருந்ததில்லை. பூவைப் போல, தான் அருகிலிருப்பதால் தன் குணத்தைப் பிறிதொன்றின்மேல் ஏற்றிக்காட்டும் பொருளை உபாதி என்பர். உடல், மனம் முதலிய உபாதிகளால் ஆன்மா இன்புறுவதாகவும் துன்புறுவதாகவும் தோன்றுகிறதே அன்றி, அது எப்போதும் தூயதாகவே உள்ளது. அறியவேண்டியது அந்த உண்மையை மட்டுமே என்பது அத்வைதத்தின் முடிவு. சித்தாந்தமோ, சார்தலே உயிரின் இயல்பு என்கிறது. பூவைச் சார்ந்தபோது சிவப்பாய் நின்றது போல, ஞாயிற்றின் ஒளியைச் சார்ந்தபோது படிகம் ஒளியாய் நிற்கும். பாசத்தைச் சார்வதிலிருந்து பதியைச் சார்வதற்கு மாறுவதே வீடுபேறு. சார்பே இல்லாத நிலை என்று ஒன்று உயிருக்கு இல்லை. ஒரு மரபில் பூவை அகற்றினால் வேலை முடிந்தது. மற்றொன்றில் பூவை அகற்றிய பின்னரே உண்மையான வினா தொடங்குகிறது.

இரண்டுள் எந்தப் படிப்பு அந்தத் தெளிந்த பொருளுக்கு நேர்மையானது? பூவை அகற்றிவிட்டால் படிகம் தன் தூய நிலையில் நிற்கும் என்று சொல்லும்போது, அது எதன்மேல் நிற்கும் என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. வெள்ளைத் துணியின்மேல் வைத்தால் வெண்மையையும், கருங்கல்லின்மேல் வைத்தால் கருமையையும், கையில் ஏந்தி வானை நோக்கிப் பிடித்தால் வானையும் அது காட்டும். அயல் ஏதுமின்றி அது காணப்படும் தருணம் ஒன்றுகூட இல்லை. எல்லா அயலையும் நீக்கிய முழு இருளில் அது காணப்படுவதே இல்லை. கிளிசரினுக்குள் மறைந்துபோகும் அக்ரிலிக் துண்டும் இதையே மெய்ப்பிக்கிறது. தெளிவு, ஒரு பொருளுக்குள் அடைத்துவைக்கப்பட்ட குணமன்று. அது அயலோடு கொண்ட உறவு. இவ்வகையில் மெய்கண்டாரின் படிப்பே படிகத்தின் நடத்தையோடு நெருங்கிப் பொருந்துகிறது. பிரம்புப் பின்னலின்மேல் கிடக்கும் தெளிந்த தகட்டைப் பார்ப்பவர் காண்பதும் அதுவே: தகட்டின் அழகு என்று சொல்லப்படுவது பிரம்பின் அழகு, ஆயினும் தகடு இல்லாவிடில் அந்தப் பிரம்பு அவ்வாறு காணப்பட்டிராது.

அத்வைதி இதற்கு விடையின்றி நிற்பவர் அல்லர். ஆன்மா காணப்படும் பொருள்களுள் ஒன்றன்று, காண்பதே அது. ஆகவே படிகம் எவ்வாறு காணப்படுகிறது என்று ஆராய்வது உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பது என்று அவர் கூறுவார். இம்மறுப்பு வலிமையானது. உவமை எப்போதும் ஒருபுடைப் பொருத்தம் உடையது, அதாவது ஒரு பக்கத்தால் மட்டுமே பொருந்துவது என்பதைத் தமிழ் உரையாசிரியர்களும் வலியுறுத்துவர். படிகமும் அக்ரிலிக்கும் சடப்பொருள்கள். சிவந்திருக்கும்போது தாம் சிவந்திருப்பதை அவை அறிவதில்லை. உயிரோ சிவப்பதை அறிந்தே சிவக்கிறது. துன்பத்தைச் சார்ந்து துன்பமாய் நிற்கும்போதும் இது துன்பம் என்ற அறிவு அதற்கு உண்டு. ஆயினும் இந்தக் குறை இரு தரப்புக்கும் பொது. படிகம் அறியாதது என்பதால் சித்தாந்தத்தின் உவமை வீழுமானால், செம்பருத்தி அருகே வைத்த படிகமும் அதனோடு சேர்ந்தே வீழும்.

சார்பு என்பதை ஒளியால் மட்டுமன்றி நாராலும் சொல்லிய பதியும் அதே திருவெண்ணெய்நல்லூர்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்பதற்குச் சான்றாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்து எறிகிறார். கிழிக்கப்பட்டது படியோலை மட்டுமே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறும் முதியவர், அதைத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் வைத்து வழக்கில் வெல்கிறார். வந்தவர் சிவபெருமான் என்பது பின்னர் வெளிப்படுகிறது. உயிர் தனித்து நிற்பதன்று, ஓர் உடைமை என்ற கோட்பாட்டை இங்குத் தாங்குவது பனையோலை. கிழியக்கூடிய, மட்கக்கூடிய, பூச்சி அரிக்கக்கூடிய பொருள். கிழிந்தது ஓலையே தவிர உறவு கிழியவில்லை என்று காட்டுவதற்குக் கிழியும் பொருளே தேவைப்பட்டது. இந்தச் செய்தியைக் கல்லின்மேல் எழுதியிருந்தால் அது இவ்வளவு வலிமையோடு வெளிப்பட்டிராது.

சிவஞானபோதமும் அச்சேறும் காலம் வரை ஓலையில்தான் வாழ்ந்தது. தமிழ்நாட்டின் ஈரமும் வெப்பமும் ஓலைச்சுவடியைச் சில நூற்றாண்டுகளுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சில தலைமுறைக்கும் ஒருவர் அமர்ந்து எழுத்தாணியால் புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டியிருந்தது. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியெடுக்கப்படாமலே பல நூல்கள் அவ்வாறு போய்விட்டன என்பது தமிழரின் தீராத இழப்பு. ஆயினும் படிகத்தின் அழியாத் தெளிவைப் பற்றிய சொற்கள், அழியும் நாரின்மேல், அழியுமுன் அடுத்த நாருக்கு மாற்றும் மனிதக் கைகளைச் சார்ந்தே இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகளைக் கடந்தன என்பது இந்த ஆராய்ச்சியில் மறக்கத்தக்க செய்தியன்று.

இனி, செயற்கைப் பொருள் என்ற காரணத்தாலேயே அக்ரிலிக் சமயச் சிந்தனைக்குப் புறம்பானதாகுமா என்ற வினாவை நோக்கலாம். இயற்கை, செயற்கை என்ற பிரிவு சித்தாந்தத்தில் அடிப்படைப் பிரிவன்று. பனையோலையும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டும் மாயை என்னும் ஒரே மூலப்பொருளின் காரியங்களே. விழுப்புரம் மாவட்டத்தின் நிலமே இப்பிரிவின் உறுதியைக் குலைக்கிறது. திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா அவற்றைக் குறித்துள்ளார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணுகிறது. வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மண்ணுள் புதைந்த மரத்தின் நாரமைப்புக்குள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறிது சிறிதாகப் புகுந்து படிந்ததால், மரத்தின் வளையங்களும் இழைகளும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கல்லாயிற்று. படிகம் என்பதும் சிலிக்காவே. நாரின் வடிவமும் படிகத்தின் பொருளும் ஒன்றான அந்த அடிமரங்கள் கிடக்கும் ஊரின் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கும் சந்திரமௌலீசுவரர் என்பதே திருப்பெயர்.

வழிபாட்டில் புதிய பொருளைப் புகுத்தும் துணிவும் இந்நிலத்துக்குப் பழையது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில், விசித்திரசித்தன் என்ற பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான்; செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி அது ஆக்கப்பட்டதை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கிறது. ஆரோவிலில், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆன்ழே வடிவமைத்து 1971இல் அடிக்கல் நாட்டப்பட்ட மாத்ரிமந்திரின் நடு அறையில், 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம் மேலிருந்து இறக்கப்படும் ஞாயிற்றின் கதிரை ஏற்று நிற்கிறது. அக்கோளம் மலையில் விளைந்த படிகமன்று, மனிதர் வார்த்த கண்ணாடி. அங்கு அமைதியில் அமர்வோர்க்கு அந்த வேறுபாடு குறையாகத் தோன்றுவதில்லை. வார்த்த கண்ணாடிக்குத் தகுதி உண்டெனில், வார்த்த அக்ரிலிக்குக்கு இல்லை என்று பொருளின் பிறப்பைக் கொண்டு மட்டும் வாதிட இயலாது.

கோயில் வாசல் கடைகளில் படிக மாலை என்ற பெயரில் கண்ணாடி மணிகளும் பிளாஸ்டிக் மணிகளும் விற்கப்படுவது வேறொரு சிக்கல். படிகத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, அக்ரிலிக்கினது 1.19 மடங்கு, படிகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும், அக்ரிலிக் அவ்வாறு இராது. இங்குள்ள குற்றம் வஞ்சனையே. அக்ரிலிக்கை அக்ரிலிக் என்று சொல்லி விற்றால் அது நீங்கிவிடும். பொருளின் தகுதியைப் பற்றிய வினா அதன் பின்னும் நிற்கும்.

அதற்கு ஆகம மரபு ஒரு திறவுகோலை வைத்துள்ளது. இலிங்கம் செய்தற்குரிய பொருள்களாகக் கல், மணி, உலோகம், மரம் ஆகியவற்றை அது வகுக்கிறது. அவற்றோடு கணிகலிங்கம் என்னும் வகையையும் ஏற்கிறது. கணிகம் என்பது சிறுபொழுதே நிலைப்பது. மணல், அரிசி, அன்னம், ஆற்றுமண், சாணம், வெண்ணெய், சந்தனம், பூமாலை, தருப்பையை முடிந்து செய்யும் கூர்ச்சம் முதலியன அவ்வகை இலிங்கங்களுக்குரியவை. ஆகவே நாராகிய தருப்பையிலும் தெளிபொருளாகிய படிகத்திலும் ஒரே இறைவனே வழிபடப்படுகிறான். ஆனால் வழிபடுபவர்மேல் விழும் கடமை இரண்டிலும் ஒன்றன்று. நிலைத்த பொருளில் எழுந்தருளச் செய்தால் நாள்தோறும் தவறாத பூசை வேண்டும். அந்தப் பூசையைத் தலைமுறைகளுக்குக் கையளிக்கும் ஏற்பாடும் வேண்டும். கணிகத்தில் எழுந்தருளச் செய்தால், பூசை முடிந்ததும் அதை முறைப்படி நீரில் விட்டு ஒடுங்கச் செய்யவேண்டும். நிலைப்பதற்குக் கடமை உண்டு, நிலையாததற்கு விடை உண்டு. தோன்றி நின்று ஒடுங்குவது, ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றுவது என்று முதற் சூத்திரம் உலகத்துக்குக் கூறும் முறை, பூசை செய்பவரின் கையளவில் இவ்வாறு நிகழ்கிறது.

இன்று வீட்டு வாசல்களுக்கும் பூசையறைகளுக்கும் விற்கப்படும் அக்ரிலிக் கோலத் துண்டுகளும் தெய்வப் படங்களும் இந்த இரண்டு வகையிலும் அடங்காமல் நிற்பதுதான் உண்மையான இடர்ப்பாடு. அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு உணவாகி அன்றே ஒடுங்குகிறது. கல்லில் வடித்த திருவுருவம் கடமையை வேண்டி நிற்கிறது. அக்ரிலிக் கோலமோ மட்காமல் நிலைக்கிறது, ஆனால் யாரிடமும் எதையும் வேண்டுவதில்லை. கீறல் விழுந்ததும் தூக்கி எறியப்படுகிறது, ஆனால் ஒடுங்குவதில்லை. வேதியியல் இங்கு வியப்பான ஓர் உண்மையைக் கொண்டுள்ளது: அக்ரிலிக்கை ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் காற்றில்லாமல் சூடாக்கினால், அதன் நெடுஞ்சங்கிலிகள் கழன்று, பெரும்பகுதி மீண்டும் தொடக்கத்து மெத்தில் மெத்தாக்ரிலேட்டாகவே மாறிவிடும், அதிலிருந்து புதிய அக்ரிலிக் செய்யலாம். பிளாஸ்டிக் வகைகளுள் இவ்வாறு தன் மூலத்துக்கே எளிதில் திரும்புபவை மிகச் சில. ஒடுங்கும் தகுதி அப்பொருளுக்கு உண்டு. ஒடுக்கத்துக்குரிய ஏற்பாட்டைச் செய்யாதிருப்பவர் மனிதரே.

அரை நூற்றாண்டைக் கடந்த பிரெஞ்சுத் தட்டுகளுக்கு இதே அளவுகோலைப் பொருத்தினால் கிடைக்கும் விடை வேறு. அவற்றின் பிரம்பு வறண்டு முறிகிறது. பின்னல் தெரிந்த ஒருவர் புதிய பிரம்பை நீரில் ஊறவைத்து அந்த இடத்தில் கோக்கவேண்டும். அக்ரிலிக் பரப்பில் சாராயம் பட்டால் நுண்வெடிப்புகள் தோன்றும். கீறலைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இவ்வாறு பேணப்பட்டவை மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அவை சமயப் பொருள்கள் அல்ல, எனினும் நிலைத்த பொருளுக்குரிய கடமையை யாரோ ஏற்றுக்கொண்டதால் நிலைத்தவை. அக்ரிலிக் இலிங்கம் ஆகமத்துக்கு உடன்பாடா என்று ஒருவர் கேட்பாராயின், ஆகமம் அதைப் பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை, அப்பொருளே அன்று இல்லை. ஆகவே அவரிடம் திருப்பிக் கேட்கவேண்டியவை இரண்டு: காஞ்சி மடத்துப் படிகத்துக்குச் செய்வது போல நாள்தோறும் அதற்கு நீராட்டும் பொறுப்பை அவருக்குப் பின் ஏற்பவர் யார், அவ்வாறு ஏற்பவர் இல்லையெனில் அதை எந்த நீரில், எந்தத் தீயில் ஒடுக்குவது.